ஆய்வுச் செடிக்கு வவுச்சர் எண் வாங்குவது எப்படி? பறிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

மூலிகைச் சாறு, எண்ணெய், நானோ துகள் என்று எதைச் செய்தாலும், செடியில் தொடங்கும் ஆய்வுக்கு ஆய்விதழ் நடுவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: வவுச்சர் எண் எங்கே, எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவர மாதிரிக் காப்பகத்தில்) வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான மாணவர்கள் இந்தக் கேள்வியைச் சோதனை முழுவதும் முடிந்த பிறகுதான் சந்திக்கிறார்கள். அப்போது கையில் இருப்பது அரைத்த பொடி மட்டும். செடியில் பூ உதிர்ந்திருக்கும், வாங்கிய கடையில் சரக்கு மாறியிருக்கும். இரண்டு வருட உழைப்பு ஒரு தாளுக்காக நிற்கும்.

வவுச்சர் என்றால் நீங்கள் சோதித்த அதே செடியிலிருந்து, அதே நாளில் எடுத்து, அழுத்தி உலர்த்தி, ஒரு ஹெர்பேரியத்தில் ஒப்படைத்த சான்று மாதிரி. நாளைக்கு யாராவது "இது அந்தச் செடிதானா" என்று சந்தேகப்பட்டால் போய்ப் பார்க்க ஒரு பொருள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். வேலையைத் தமிழ்நாட்டில் செய்யும் எம்.எஸ்சி., முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். முதல் அடியிலிருந்து கடைசி எண் கைக்கு வரும்வரை குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பறிக்க வேண்டுமானால் அதற்கு மேலும் பல மாதம் ஆகும்.

1. தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள்

நாட்டு மருந்துக் கடையில் "கீழாநெல்லி" என்று கேட்டால் ஒரு பொட்டலம் கிடைக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. நம் வயல் வரப்பில் பரவலாக முளைப்பது பில்லாந்தஸ் அமாரஸ். அதனோடு பில்லாந்தஸ் யூரினேரியா, பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ் எல்லாம் கலந்தே பறிக்கப்படும். இன்றும் எத்தனையோ ஆய்வேடுகளில் இதைப் பில்லாந்தஸ் நிருரி என்று எழுதுகிறார்கள். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பில் இருப்பது அதுவல்ல.

ஒரு கைலென்ஸ் இருந்தால் இவற்றைப் பிரித்துவிடலாம். செடியைத் திருப்பி, இலைக்கு அடியில் தொங்கும் காய்களைப் பாருங்கள். அமாரஸின் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கும், பூவிதழ் 5. யூரினேரியாவின் காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டி, மேலெல்லாம் பருப்பருவாக இருக்கும். காயை நகத்தால் பிளந்து விதையின் முதுகைப் பாருங்கள். அமாரஸில் நீளவாக்கில் கோடுகள் ஓடும், யூரினேரியாவில் குறுக்கே ஓடும். காய் அமாரஸுடையதுபோல் இருந்தும் இதழ் 6 இருந்தால் அது பில்லாந்தஸ் பிரேட்டர்னஸாக இருக்கலாம். காயும் பூவும் இல்லாத வெறும் இலையைக் கொண்டுபோனால் எந்த நிபுணராலும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

குழப்பம் இந்தச் செடியோடு நிற்பதில்லை. பிரம்மி என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரம்மியும் இன்னொரு கடையில் வல்லாரையும் வரும். கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ எக்லிப்டா, மஞ்சள் பூ வேறு பேரினம். அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை வருவது பழைய கதை. சங்கபுஷ்பி என்ற பெயரை விஷ்ணுகிரந்திக்கும் சொல்கிறார்கள், காக்கட்டான் கொடிக்கும் சொல்கிறார்கள்.

ஆகவே கடைச் சரக்கை வைத்து ஆய்வைத் தொடங்க வேண்டாம். பொடியையும் பட்டையையும் நுண்ணோக்கி வழியே பரிசோதித்துச் சான்று தரும் இடங்கள் உண்டு, ஆனால் அது ஹெர்பேரிய வவுச்சர் ஆகாது. செடி நிற்கும் இடத்துக்கு நீங்களே போங்கள்.

2. எங்கே பறிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அனுமதி

வயல் வரப்பு, வாய்க்கால் கரை, தோட்டம் என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஓர் இலையையும் தொடக்கூடாது. விண்ணப்பத்தில் இனங்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடை, எந்த வனச்சரகம், எந்த மாதங்கள், யார் யார் வருவார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "மூலிகைத் தாவரங்கள் சேகரிக்க" என்று பொதுவாக எழுதிய விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பிவரும், அதற்குள் பூக்கும் பருவம் போய்விடும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சில தாவரங்கள் தனியாகவே பாதுகாக்கப்பட்டவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அவை 3-ஆம் அட்டவணையில் உள்ளன. உங்கள் செடி அதில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேறு செடியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இந்தியக் குடிமக்கள் இந்தியக் கல்வி நிறுவனத்தில் செய்யும் ஆராய்ச்சிக்குச் செடி எடுக்க தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தேவை. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ இங்கே படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும், பலருக்கு இது தெரிவதில்லை. செடியையோ சாற்றையோ வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள், காப்புரிமை கேட்கப் போகிறீர்கள் என்றாலும் சென்னையில் உள்ள அந்த ஆணையத்திடம் முதலில் விசாரியுங்கள்.

3. கையோடு கொண்டுபோக வேண்டியவை

செடியை அழுத்த பிளான்ட் பிரஸ் ஒன்று: 45 x 30 செ.மீ. அளவில் இரண்டு பலகைகள், இறுக்க இரண்டு பெல்ட். தச்சரிடம் சொன்னால் ஒட்டுப்பலகையில் அறுத்துத் தருவார். துளை போட்ட பலகை என்றால் காற்று போகும், இன்னும் நல்லது. பழைய செய்தித்தாள் கிலோக் கணக்கில் வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு தாள் என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்தாறு முறை மாற்றுவீர்கள், ஆகவே 10 செடி, ஒவ்வொன்றிலும் 4 பிரதி என்றால் 200 முழுத்தாளுக்கு மேல் போகும். வழவழ வாரஇதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது, வேண்டாம்.

கிளை வெட்டும் கத்தரி, வேரோடு எடுக்கச் சிறு களைக்கொத்து, 10 மடங்கு கைலென்ஸ், பெரிய பாலிதீன் பைகள், நூல் கட்டிய அட்டைச் சீட்டுகள், பென்சில், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு. பேனா வேண்டாம். பனியிலும் வியர்வையிலும் மை கரைந்து எண் அழிந்தால் அந்த மாதிரி செத்ததற்குச் சமம்.

4. எதைப் பறிப்பது

பூ, முடிந்தால் காயும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சமவெளிச் சிறுசெடிகளில் பெரும்பாலானவை வடகிழக்கு மழைக்குப் பிறகு, கார்த்திகை முதல் தை வரை பூவும் காயுமாக நிற்கும். சித்திரையில் போனால் காய்ந்த குச்சிதான் கிடைக்கும். சோதனைக்கு எந்த மாதம் இலை வேண்டும் என்று திட்டமிடும்போதே பூக்கும் மாதத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

சிறுசெடியை வேரோடு எடுங்கள். மரம், புதர் என்றால் 30 முதல் 35 செ.மீ. நீளக் கிளை, நுனியும் பூங்கொத்தும் இருக்கும்படி. பூச்சி தின்ற இலை, வீட்டுவாசலில் தண்ணீர் ஊற்றி வளர்த்ததால் மிதமிஞ்சிப் பருத்த கிளை இரண்டையும் தவிருங்கள். பனைபோல ஆண், பெண் தனித்தனி மரமாக இருக்கும் இனங்களில் இரண்டையும் எடுத்து, தனித்தனி சேகரிப்பு எண் (நீங்களே வரிசையாகக் கொடுக்கும் எண்) கொடுங்கள். பெரணி என்றால் இலையின் அடியில் வித்துத்தூள் பொட்டுகள் தெரிய வேண்டும், கிழங்குத்தண்டும் ஒரு துண்டு வேண்டும்.

ஒவ்வொரு எண்ணிலும் 4 முதல் 6 பிரதிகள் எடுங்கள். ஒன்று ஒப்படைக்க, ஒன்று உங்கள் துறைக்கு, ஒன்று இன்னொரு ஹெர்பேரியத்துக்கு, ஒன்று பிரித்துப் பார்க்க. அந்த இடத்தில் 20 செடிக்கு ஒன்றுக்கு மேல் வேரோடு பிடுங்காதீர்கள். பத்துச் செடிதான் நிற்கிறது என்றால் கிளை மட்டும் வெட்டுங்கள், படம் எடுங்கள்.

சோதனைக்கான இலையையும் அதே இடத்தில், அதே நாளில் பறியுங்கள். பச்சிலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால் ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு நான்கைந்து கிலோ பச்சிலை வேண்டியிருக்கும். அவ்வளவு இலை அந்த இடத்தில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் பறிக்கலாம், ஆனால் அதற்கு வேறு எண், வேறு வவுச்சர். இரண்டையும் கலந்து ஒரே எண்ணில் போட்டால் சான்றுக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

மரபணு வேலையும் உண்டு என்றால் இளம் இலையைச் சிறு துண்டாக்கி, எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் போடுங்கள். ஒரே நாளில் நொறுங்கும் அளவுக்குக் காய வேண்டும். நிறம் மாறிய சிலிக்காவை உடனே மாற்றுங்கள்.

5. குறிப்பேட்டை அங்கேயே எழுதுங்கள்

உலர்ந்த பிறகு செடியில் தெரியாதவற்றைத்தான் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பூ நிறம், வாசனை, கிள்ளினால் பால் வருகிறதா, பாலின் நிறம், செடியின் உயரம், மரப்பட்டையின் தன்மை, நிற்கும் இடம். இலை நீளமாக இருக்கிறது என்று எழுதத் தேவையில்லை, அது தாளிலேயே தெரியும். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

"எண் 14. நாள் 12-12-2024. திருச்சிராப்பள்ளி மாவட்டம், லால்குடி வட்டம், நெல்வயல் வரப்பு, ஈரமான களிமண். ஒருபருவச் செடி, நிமிர்ந்தது, உயரம் 35 செ.மீ. பால் இல்லை. பூ வெளிர்பச்சை, இதழ் 5. காய் பச்சை, வழவழப்பு, இலைக்கடியில் தொங்குகிறது. கோரையோடு சேர்ந்து பரவலாக வளர்கிறது. உள்ளூர்ப் பெயர் கீழாநெல்லி."

இதோடு அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம வடிவில் நான்கு இலக்கம் வரையும், கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் 1-இல் தொடங்கி உங்கள் வாழ்நாள் முழுக்க ஒரே வரிசை. வருடத்துக்கு ஒருமுறை மறுபடி 1-இலிருந்து தொடங்கினால் ஐந்தாவது வருடம் எது எது என்று உங்களுக்கே தெரியாது. ஒரே எண்ணின் பிரதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு எண், செடியிலேயே கட்டுங்கள், தாளில் மட்டும் எழுதாதீர்கள்.

6. அழுத்துதலும் உலர்த்துதலும்

கூடுமானவரை பறித்த இடத்திலேயே அழுத்துங்கள். முடியாவிட்டால் பாலிதீன் பையில் சிறிது ஈரத்தோடு கட்டி அன்று மாலைக்குள் பிரஸ்ஸில் வைத்துவிடுங்கள்.

வேரின் மண்ணைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் செடியை விரியுங்கள். ஓரிரு இலைகளையாவது புரட்டி அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். அடிப்பக்க ரோமமும் நரம்பும் அடையாளத்துக்குத் தேவை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கிடக்கும் இலைகளை வெட்டலாம், ஆனால் காம்பின் அடியை விட்டு வெட்டுங்கள், இலை எப்படி அமைந்திருந்தது என்பது தெரிய வேண்டும். செடி தாளைவிட நீளமா? ஆங்கில எழுத்து வி, என் போல மடியுங்கள். புல்லைச் சுருட்டி வைக்கக் கூடாது.

24 மணி நேரம் கழித்து முதல் முறை தாள் மாற்றுங்கள். இந்த முதல் மாற்றத்தில்தான் செடி துவண்டு, நீங்கள் சொன்னபடி கேட்கும். சுருங்கிய இலையை விரல் நுனியால் நீவி விடவும் பூவிதழைத் திறந்து வைக்கவும் இதைவிட்டால் நேரமில்லை. அடுத்த மூன்று நாளும் தினமும் மாற்றுங்கள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாதாரணச் செடிக்குப் பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். எடுத்துப் பிடித்தால் வளையாமல் விறைத்து நிற்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தட்டக்கூடாது. குளிர்ச்சி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூட்டடுப்பில் உலர்த்துவதானால் 45 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், இலை கருத்து நொறுங்கும்.

கள்ளி, கற்றாழை போன்ற சதைச் செடிகள் பிரஸ்ஸுக்குள்ளேயே உயிரோடிருந்து துளிர்விடும், இலையைக் கழற்றியும் போடும். பூவை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்த பிறகு அழுத்துங்கள். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்து உள்சதையைச் சுரண்டிவிடுங்கள். பெரிய காயையும் கிழங்கையும் வில்லையாக நறுக்குங்கள். நீர்த்தாவரத்தைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் ஒரு வெள்ளைத்தாளை நுழைத்து மெல்ல மேலே தூக்கினால் இலைகள் பிரிந்தபடியே படியும். தாளோடு சேர்த்து அழுத்துங்கள்.

அடைமழைக் காலத்தில் மலையில் மாட்டிக்கொண்டால் பூஞ்சை இரண்டே நாளில் பிடிக்கும். செய்தித்தாள் கட்டை அப்படியே பாலிதீன் பையில் போட்டு, தாள் நனையும் அளவு சாராய ஸ்பிரிட் ஊற்றிக் கட்டி வையுங்கள். ஊர் வந்து உலர்த்தலாம். நிறம் போய்விடும், மரபணு வேலைக்கும் ஆகாது, ஆனால் மாதிரி தப்பிக்கும்.

7. பூச்சி மருந்து: பழைய செய்முறையைப் பின்பற்றாதீர்கள்

பல செய்முறைக் குறிப்பேடுகளில் இன்றும் பாதரசக் குளோரைடு கரைசலில் முக்கச் சொல்லியிருக்கும். அது கொடிய நஞ்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும். கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம். பழைய ஹெர்பேரியத் தாள்களில் அந்த நஞ்சு இன்னும் இருக்கும் என்பதால் அவற்றைப் புரட்டிப் பார்த்த பிறகு கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

அதற்குப் பதில் உறையவைத்தல். நன்றாக உலர்ந்த மாதிரிகளைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். சிகரெட் வண்டும் அதன் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் மாதிரியில் படிந்து செய்த வேலையெல்லாம் வீண்.

8. தாளில் ஏற்றுதல்

தாள் அளவு 42 x 28 செ.மீ., கெட்டியான வெள்ளைத் தாள். ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து இளக்கி, மாதிரியின் அடிப்பக்கம் மெல்லத் தடவி ஒட்டி, மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள். தண்டு தடித்த இடங்களில் வெள்ளை நூலால் தைத்து, முடிச்சைத் தாளின் பின்பக்கம் போடுங்கள். உதிர்ந்த விதை, பூவைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். பின்னாளில் ஆராய்பவருக்கு அந்த உறைதான் பெரிய உதவி.

செலோடேப் வேண்டாம், இரண்டு வருடத்தில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பூவைத் திறந்து பார்க்க வழியில்லை என்பதால் ஹெர்பேரியத்தில் வாங்க மாட்டார்கள்.

கீழ் வலது மூலையை லேபிளுக்கு விடுங்கள். லேபிள் ஆங்கிலத்தில், குடும்பம், அறிவியல் பெயர், பெயரிட்டவர், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், குறிப்பு, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், நாள் என்ற வரிசையில் இருக்கட்டும். நாளில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05-06 என்று போட்டால் ஒருவர் ஜூன் என்பார், இன்னொருவர் மே என்பார்.

9. அடையாளம் கண்டுபிடித்தல், சான்று பெறுதல்

முதலில் நீங்களே முயலுங்கள். தமிழ்நாட்டுத் தாவரங்களுக்கு கேம்பிள் 1915-இல் தொடங்கி, பிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவரவியல் நூல் இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதிலுள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. நெட்டிலிங்கத்தைப் பாலியால்தியா என்று படித்தவர்கள் இப்போது மோனூன் லாஞ்சிபோலியம் என்று எழுத வேண்டும். கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் இன்றைய பெயரைச் சரிபாருங்கள். கைபேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிபுணரிடம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, அதன் ஹெர்பேரியக் குறியீடு எம்.எச். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் ஹெர்பேரியத்தின் குறியீடு ஆர்.எச்.டி. (RHT). புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் ஹெர்பேரியம் உண்டு. சித்த மருத்துவ மூலப்பொருள் என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள சித்த மத்திய ஆராய்ச்சி நிலையம். எங்கே போனாலும் முதலில் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்க வேண்டியவை: ஒரு செடிக்குக் கட்டணம் எவ்வளவு, மாணவர் சலுகை உண்டா, பணம் எப்படிக் கட்டுவது, எத்தனை நாள் ஆகும். இன்னொன்றும் கேளுங்கள், இதுதான் முக்கியம்: சான்று மட்டும் தருவீர்களா, மாதிரியை வாங்கிவைத்து வரவு எண்ணும் தருவீர்களா? இரண்டும் வேறு. அடையாளச் சான்று ஒரு கடிதம். வரவு எண் என்பது உங்கள் மாதிரி அவர்கள் அலமாரியில் இருக்கிறது என்பதற்கான எண். ஆய்விதழ் வவுச்சர் எண் என்று கேட்பது இரண்டாவதை.

கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள்: வழிகாட்டிப் பேராசிரியரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட, கல்லூரி முகப்புத்தாளில் உள்ள கடிதம், கல்லூரி அடையாள அட்டை நகல், வன அனுமதி இருந்தால் அதன் நகல், லேபிளோடு ஏற்றிய மாதிரி இரண்டு பிரதி, பூ, காய், முழுச்செடி மூன்றுக்கும் தெளிவான படம். கடிதத்தில் செடியின் பெயரை நீங்களே முடிவாக எழுதிவிடாதீர்கள். "சேகரிப்பு எண் 14, அடையாளம் காண" என்று எழுதுங்கள்.

உங்கள் துறை அலமாரியில் வைத்துத் துறையே எண் போட்டுக்கொள்ளும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் உலக ஹெர்பேரியப் பட்டியலில் குறியீடு இல்லாத இடத்தைச் சில ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. ஒப்படைக்கும் முன் அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

செலவில் பிரஸ், தாள், பசை எல்லாம் சேர்ந்தாலும் சிறு தொகைதான். பணம் போவது பயணத்துக்கும் சான்றுக் கட்டணத்துக்கும். ஐந்தாறு செடிகளைச் சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோங்கள். தபாலில் அனுப்புவதானால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டி, "உலர் தாவர மாதிரி, மடிக்காதீர்" என்று எழுதி அனுப்புங்கள்.

10. எண் வந்த பிறகு

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் அறிவியல் பெயர், பெயரிட்டவர், குடும்பம், பறித்த இடம், நாள், உங்கள் பெயரும் சேகரிப்பு எண்ணும், ஹெர்பேரியக் குறியீடு, வரவு எண், அடையாளம் கண்டவர் பெயர் எல்லாம் வர வேண்டும். சேகரிப்பு எண்ணும் வரவு எண்ணும் ஒன்றல்ல. ஒன்றை மட்டும் எழுதினால் அலமாரியில் தேடுபவர் திண்டாடுவார்.

அதே சேகரிப்பு எண்ணைப் பொடி டப்பாவிலும், சாறு எடுத்த குடுவையிலும், குளிர்பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு சிறு குப்பியிலும் எழுதுங்கள். "கீழாநெல்லி, மெத்தனால்" என்று எழுதி வைத்தால், அடுத்த வருடம் வேறிடத்தில் பறித்த கீழாநெல்லி வந்து சேரும்போது எது எது என்று பிரிக்க வழி இருக்காது. "14, இலை, மெத்தனால், நாள்" என்று அழியாத மையில் எழுதி, அதன்மேல் ஒளிபுகும் நாடா ஒட்டிவிடுங்கள். மெத்தனால் ஒரு சொட்டு வழிந்தாலே மார்க்கர் எழுத்து கரைந்துவிடும்.